தென்னையும் வறட்சியும்: மழை பெய்த பின்னரும் காய்ப்புக் குறைவது ஏன்?

கடும் வறட்சியொன்று நீங்கி, மாரி மழை நன்கு பெய்து, கிணறுகளும் குளங்களும் நிரம்பிய பின்னர், தென்னையிற் காய்ப்புக் குறைந்து செல்வதைக் கண்டு கமக்காரர் பலர் மனங்கலங்குகின்றனர். வறண்ட மாதங்களிற்கூட ஓரளவு தேங்காய் தந்த மரம், ஓலை பசுமையடைந்து நிற்கும் காலத்தில் இரண்டொரு காயுடன் நிற்பது அவர்களுக்குப் புதிராகவே தோன்றும். சிலர் இதனை நோயெனக் கருதி மருந்துக்குப் பணம் செலவிடுகின்றனர். வேறு சிலர் மரம் முதிர்ந்துவிட்டதென எண்ணித் தறித்து விற்றுவிடுகின்றனர். இவ்வாறு தறிக்கப்படும் மரங்களுட் பல, இன்னும் ஓராண்டோ ஈராண்டோ பொறுத்திருந்தால் முன்போலக் காய்க்கக்கூடியவை. தறித்த மரத்தினிடத்தில் நட்ட நெடிய இனக் கன்று பலன் தர ஆறு, ஏழு ஆண்டுகளாவது செல்லும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நாடு முழுவதற்குமான விளைவுக் கணக்கிலும் இத்தாமதம் தெளிவாகத் தெரிகின்றது. 2016 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கிய வறட்சி அடுத்த ஆண்டிலும் நீடித்தது. ஆயினும் 2016 இல் இலங்கையின் தேங்காய் விளைவு ஏறத்தாழ 300 கோடியாகவே இருந்தது. 2017 இல் அது ஏறத்தாழ 245 கோடியாக வீழ்ந்தது. 2018 இலும் 262 கோடியளவிலேயே நின்று, 2019 இலேயே மீண்டும் 300 கோடியைத் தாண்டிற்று.

இதற்குக் காரணம் தென்னையின் பாளை உருவாகும் முறையாகும். இன்று வெடிக்கும் பாளையின் கரு, ஏறத்தாழ 32 மாதங்களுக்கு முன்னரே குருத்தினுள்ளே, கண்ணுக்குப் புலப்படாத ஓலையொன்றின் கக்கத்தில் தோன்றிவிட்டது. பாளை வெடிப்பதற்கு 15 அல்லது 16 மாதங்களுக்கு முன்னர் அதன் கிளைகள் உருவாகின்றன. ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்னர் பெண் பூக்கள் அரும்புகின்றன. பாளை வெடித்த பின்னர் காய் முற்றுவதற்கு மேலும் 11 அல்லது 12 மாதங்கள் வேண்டும். ஆகவே நாம் இன்று பறிக்கும் தேங்காயின் வரலாறு மூன்றரை ஆண்டுகளுக்கு மேற்பட்டது. அக்காலத்துள் வந்த வறட்சி ஒவ்வொன்றும் அதனைத் தொட்டே சென்றிருக்கும்.

வறட்சி எந்தப் பருவத்திற் பாளையைத் தாக்குகின்றதோ அதற்கேற்பவே இழப்பும் வேறுபடும். கிளைகள் உருவாகும் பருவத்திற் கடும் வறட்சி நேர்ந்தாற் பாளை முழுவதுமே உள்ளே கருகிவிடக்கூடும். அவ்வோலையின் கக்கம் வெறுமையாகவே வெளிவரும். பெண் பூக்கள் அரும்பும் பருவத்தில் நேர்ந்தால், பாளை ஒழுங்காக வெடிப்பினும் அதிற் பெண் பூக்கள் சிலவே காணப்படும். வெடித்த முதல் மூன்று நான்கு மாதங்களில் நேர்ந்தாற் குரும்பை உதிரும். அதன் பின்னர் நேர்ந்தாற் காய் உதிராது. ஆனால் சிறுத்துப் பருப்பு மெலிந்து, கொப்பரா நிறை குறையும்.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம். வைகாசி முதற் புரட்டாதி வரை ஒரு துளி மழையுமின்றிக் கழிந்ததெனக் கொள்வோம். அம்மாதங்களில் வெடித்த பாளைகளின் காய்கள் அடுத்த ஆண்டு வைகாசி தொடங்கிப் பறிக்கப்படுபவை. ஆகவே முதற் குறைவு அப்போது தோன்றும். அதே மாதங்களிற் குருத்தினுள்ளே பெண் பூ அரும்பிய பாளைகளோ அடுத்த ஆண்டில் வெடித்து, அதற்கும் அடுத்த ஆண்டிற் பறிக்கப்படுவன. ஒரே வறட்சிக்கு மரம் இரண்டு ஆண்டுகள் கடன் செலுத்துகின்றது. இடையிற் பெய்த மாரி இக்கடனை அழிப்பதில்லை. புதிய கடன் சேராமல் மட்டுமே தடுக்கின்றது.

இதனை ஒவ்வொருவரும் தம் மரத்திலேயே வாசித்தறியலாம். நன்கு பராமரிக்கப்படும் மரம் ஆண்டுக்கு 12 முதல் 14 ஓலை விரிக்கும். அதாவது மாதத்துக்கு ஏறத்தாழ ஓர் ஓலையும் அதனோடு ஒரு பாளையும். வட்டின் அடியிலுள்ள குலை பறிக்கும் பருவத்தது. அதற்கு மேலுள்ள ஒவ்வொரு குலையும் ஏறத்தாழ ஒரு மாதம் இளையது. அண்மையில் வெடித்த பாளையிலிருந்து கீழ்நோக்கி எண்ணி, ஆறாவது, ஏழாவது குலைகளிற் காய் இல்லையெனக் கண்டால், ஆறேழு மாதங்களுக்கு முன்னர் வெயில் எவ்வாறிருந்தது என நினைவுகூர்ந்து பார்க்கவும். அதற்கு மேலுள்ள இளங்குலைகள் நிறைவாக இருப்பின் மரம் தேறிவிட்டது. மரமேறுபவரிடம் காயின் தொகையை மட்டும் கேளாது, எந்தக் குலை வெறுமையாயுள்ளது என்பதையும் கேட்டறிதல் நன்று. பெண் பூக்களிற் பெரும்பகுதி நல்ல மழைக்காலத்திலும் உதிரும் இயல்புடையது என்பதையும் மறத்தலாகாது. மரத்தடியிற் சில குரும்பைகள் கிடப்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

இனி, மழை குறையாவிடினும் காற்று வெப்பமடைவதால் மட்டும் மரம் தாகமுறுவது எவ்வாறு என்பதை நோக்குவோம். 30 பாகை செல்சியசு வெப்பநிலையிலுள்ள ஒரு கனமீற்றர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைக் கொள்ளவல்லது. அதில் 21 கிராம் ஏற்கெனவே இருப்பின், இன்னும் 9 கிராமுக்கு இடமுண்டு. அதே காற்று 35 பாகைக்குச் சூடேறினால் 39 கிராமுக்கு மேற் கொள்ளும் வலிமை பெறும். அப்போது வெற்றிடம் 18 கிராமாகின்றது. வெப்பநிலை 5 பாகை உயர்ந்தவுடன் காற்றின் தாகம் இருமடங்காகிவிட்டது. அத்தாகத்தைக் காற்று ஓலையிலிருந்தே தீர்த்துக்கொள்ள முயலும். வடக்கிற் சோளகமும் மட்டக்களப்புப் பகுதியிற் கச்சானும் வீசும் நாட்களில் மரம் வாடுவது காற்றின் வேகத்தால் மட்டுமன்று.

தென்னை இதற்கு அளிக்கும் மறுமொழி ஒன்றே: ஓலையின் கீழ்ப்பக்கத்திலுள்ள இலைவாய்களை மூடிக்கொள்ளல். நீர் காக்கப்படுகின்றது, ஆனால் அதே வாயிலாற்றான் காபனீரொட்சைட்டு வாயுவும் உட்செல்ல வேண்டும். வாயில் மூடியபின் மாச்சத்தும் வெல்லமும் உண்டாதல் குறையும். பட்டினி முதலிற் சேருவது குரும்பைக்கு. தாய்மரம் உயிர்பிழைக்கும் பொருட்டுப் பிஞ்சை உதிர்க்கின்றது.

குளிர்நாடுகளில் வளரும் ஓக்கு மரங்களுக்கு இவ்விடயத்தில் வசதி அதிகம். அவை இளவேனில்தோறும் தண்டிற் புதிய நீர்க்குழாய் வளையமொன்றை உண்டாக்குகின்றன. வறட்சியிற் சில குழாய்கள் காற்றடைத்துப் பழுதுபட்டாலும் அடுத்த ஆண்டு புதியவை தோன்றும். ஒரு கிளை பட்டுப்போனால் மற்றொன்று தளிர்க்கும். தென்னைக்கோ கிளையுமில்லை, ஆண்டுதோறும் பருக்கும் தண்டுமில்லை. ஒரு முறை அமைந்த நீர்க்குழாய்களே மரத்தின் ஆயுள் முழுவதும் பயன்பட வேண்டும். ஆணிவேரும் அதற்கில்லை, வேர்களிற் பெரும்பாலானவை அடிமரத்தைச் சுற்றி ஆறேழு அடிக்குள், மேல் நான்கடி மண்ணிலேயே பரவியுள்ளன. ஆகவேதான் தென்னை முன்னெச்சரிக்கையாக இலைவாயை மூடுகின்றது. ஆகவேதான் மேல்மண் காய்ந்தவுடன் இடர்ப்படுகின்றது. வறட்சியான ஆண்டுகளிலே தண்டு ஒடுங்கி, பின்னர் மீண்டும் பருத்து வளர்ந்த மரங்களைக் காணலாம். அவ்வொடுக்கம் என்றும் மாறாது.

வெப்பத்தால் விளையும் மற்றொரு கேடும் உண்டு. பகல் வெப்பநிலை 33 பாகைக்கு மேற் செல்லும்போது மகரந்தம் முளைக்கும் திறன் குறைந்து, பூக்கள் காயாகும் விகிதமும் குறையும். இது நீர் பாய்ச்சிய மரத்திலும் நிகழக்கூடியது. நீர் பாய்ச்சியும் பயனில்லையே என வருந்துவோர், வேருக்கு நீரூட்ட முடியுமேயன்றிப் பாளையைச் சுற்றியுள்ள காற்றைக் குளிரச்செய்தல் எளிதன்று என்பதை அறிதல் வேண்டும். நீர் பாய்ச்சாவிடின் இழப்பு இன்னும் பெரிதாகியிருக்கும்.

செய்யக்கூடியவற்றுள் மிகச் சிறந்ததும் மிகக் குறைந்த செலவுடையதும் பொச்சுமட்டை புதைத்தலாகும். அடிமரத்திலிருந்து ஏறத்தாழ ஆறடி விலகி, மரவரிசைகளுக்கிடையே இரண்டு மூன்றடி ஆழத்திற் குழி வெட்டி, உட்குழிந்த பக்கம் மேல்நோக்குமாறு மட்டைகளை அடுக்கி, அடுக்குக்கு அடுக்கு மண்ணிட்டு மூடுக. மட்டை தன் நிறையைப் போலப் பல மடங்கு நீரை உறிஞ்சி வைத்து, சிறிது சிறிதாக வேருக்கு விடும். அதிலுள்ள பொட்டாசுச் சத்தும் மரத்துக்கே சேரும். பளை போன்ற மணற்பாங்கான இடங்களில் இதன் பயன் கண்கூடு. ஒரு முறை புதைத்தது பல ஆண்டுகளுக்கு உதவும். ஆனால் இவ்வேலையை மாரி தொடங்குமுன் முடித்துவிட வேண்டும். கோடையின் நடுவிலே உலர்ந்த மட்டையைப் புதைப்பதாற் பயனில்லை. நனையாத மட்டை எதைக் கொடுக்கும்? தும்பு ஆலைகளுக்கு அண்மையிலுள்ளோர் தும்புச்சோற்றையும் இவ்வாறே பயன்படுத்தலாம். மட்டை முழுவதையும் விற்றுவிட்டு வெறும் மணலில் நீர் இறைப்பவர் இரு முறை நட்டமடைகின்றனர்.

மாரி முடியும் தறுவாயில், மண் ஈரமாயிருக்கும்போதே, மரத்தடியைச் சுற்றி ஆறடி வட்டத்திற்கு விழுந்த ஓலை, மட்டை, சருகு ஆகியவற்றைப் பரப்பி மூடுதல் வேண்டும். ஓலையை எரித்தல் கூடாது. கோடையிற் கொத்தி மண்ணைப் புரட்டுதலும் கூடாது. அது இருக்கும் ஈரத்தையும் வெளியேற்றி, மேல்வேரையும் அறுக்கும். பசளையை மண் ஈரமாயுள்ள காலத்திலேயே இடுக. பொட்டாசுக் குறைபாடுள்ள மரம் இலைவாயைச் செவ்வனே மூட இயலாது வறட்சியில் முதலில் வாடுமாதலால், யூரியாவை மட்டும் இட்டுப் பொட்டாசை விடுதல் தவறு. நீர் குறைவாயிருப்பின் எல்லா மரத்துக்கும் கண்துடைப்பாக ஊற்றாது, இளங்கன்றுகளுக்கும் நன்கு காய்க்கும் மரங்களுக்கும் முதலிடம் கொடுக்கவும். கன்றுகளுக்குத் தென்மேற்குத் திசையிற் கிடுகு நட்டு நிழல் செய்யலாம்.

எந்த மரத்தைத் தறிக்கலாம் என்ற வினாவுக்கு விடை குருத்திலேயே உள்ளது. நடுக்குருத்துக் காய்ந்து, இழுத்தாற் கையோடு வருமாயின் அம்மரம் இனிப் பிழையாது. குருத்துப் பசுமையாயிருந்து புதிய ஓலை விரியுமாயின், கீழோலைகள் எத்தனை தொங்கி உலர்ந்திருப்பினும், இரண்டு மாரிகள் கழியுமட்டும் காத்திருக்கவும். வெறுமையான இடத்திற் புதிதாக நடுவோர் நெடிய இனக் கன்றுகளையே தேர்க. குட்டையையும் நெட்டையையும் கலந்து பெற்ற சீ.ஆர்.ஐ.சீ. 65 விரைவிற் காய்க்குமெனினும் வறட்சியைப் பொறுக்கவல்லதன்று. நிச்சயமான நீர்வசதியுள்ள தோட்டத்துக்கே அது ஏற்றது. கன்றுகளைத் தென்னைப் பயிர்ச்செய்கைச் சபையின் நாற்றுமேடைகளிற் பெற்று, ஐப்பசி மழையோடு நடுக.