ஃபில்லர்: முகம் நிரம்பலாம், உப்பக் கூடாது

நன்றாக அமைந்த ஃபில்லரைப் பார்த்தவர்கள், "என்ன, லீவு போட்டு ஊருக்குப் போய்ட்டு வந்தீங்களா? முகம் தெளிவா இருக்கே" என்பார்கள். சரியாக அமையாததைப் பார்த்தவர்கள் நேரில் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நாம் நகர்ந்ததும், "முகத்துக்கு என்னமோ பண்ணியிருக்கா" என்று பக்கத்து நாற்காலியிடம் சொல்வார்கள். இரண்டு முகத்திலும் ஏறிய மருந்து ஒன்றாகவே இருக்கலாம். எங்கே போட்டார்கள், எவ்வளவு போட்டார்கள், எப்போது நிறுத்தினார்கள் என்பதில்தான் வித்தியாசம். விளம்பரங்களில் முதல் இரண்டைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். மூன்றாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

உள்ளே போவது என்ன?

பலரும் போடாக்ஸையும் ஃபில்லரையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். போடாக்ஸ் தசையைத் தளர்த்தி, நெற்றியைச் சுருக்கும்போது விழும் கோட்டைக் குறைக்கும். ஃபில்லர் வற்றிப்போன இடத்தை நிரப்பும்.

இன்று பெரும்பாலும் போடப்படுவது ஹயலுரானிக் அமில ஜெல். இது நம் உடம்பிலேயே இருக்கும் பொருள்தான். எழுபது கிலோ எடையுள்ள ஒருவரின் உடம்பில் ஏறக்குறைய 15 கிராம் இருக்கும், அதில் பாதி தோலில். தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வது இதன் குணம். ஆனால் உடம்பு இதைத் தினமும் கரைத்துப் புதிதாக உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அதனால் ஊசியில் போடும் ஜெல் சீக்கிரம் கரைந்துவிடாதபடி, அதன் இழைகளை வேதியியல் முறையில் ஒன்றோடொன்று பிணைத்துத் தயாரிக்கிறார்கள். போடும் இடத்தையும் ஜெல்லின் கெட்டித்தன்மையையும் பொறுத்து ஆறு மாதம் முதல் ஒன்றரை வருடம் வரை நிற்கும். சிலருக்கு அதற்கு மேலும் உள்ளே தங்கும். ரெஸ்டிலேன் என்ற ஜெல்லுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2003 டிசம்பரில் அனுமதி கொடுத்தது. அதற்கு முன் மாட்டுத் தோலிலிருந்து எடுத்த கொலாஜன்தான் அங்கே பெரும்பாலும் போடப்பட்டது. அந்தக் கொலாஜனுக்கு ஒவ்வாமை இருக்கிறதா என்று முதலில் கையில் போட்டுப் பார்த்துக் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஹயலுரானிக் அமிலத்தின் பெரிய சௌகரியம், பிடிக்காவிட்டால் கரைத்துவிடலாம் என்பது. ஹயலுரானிடேஸ் என்ற நொதியை ஊசியில் போட்டால் ஜெல் உடைந்து கரைந்துவிடும். கால்சியம் ஹைட்ராக்சில்அபடைட், பாலி லாக்டிக் அமிலம் போன்ற மற்ற வகைகளை இப்படிக் கரைக்க முடியாது. எனவே முதல்முறை போட்டுக்கொள்பவருக்கு, கரைக்க வழியுள்ள மருந்தைத் தவிர வேறெதையும் நான் சொல்ல மாட்டேன்.

"ஒரே தடவை, ஆயுசுக்கும் போதும்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வியன்னாவின் அறுவை மருத்துவர் ராபர்ட் கெர்சூனி 1899இல் பாரஃபின் வகைப் பொருளை ஊசியில் ஏற்றத் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் அது முகங்களில் கட்டி தட்டியது, இடம் விட்டு நகர்ந்தது. திரவ சிலிக்கானின் கதையும் ஏறக்குறைய இதுதான். முகத்தை நிரப்ப அதை ஊசியில் போடுவதற்கு அமெரிக்க நிர்வாகம் இன்றுவரை அனுமதி கொடுக்கவில்லை.

கோட்டைத் துரத்தினால் முகம் மாறும்

மூக்கோரத்திலிருந்து வாய் முனை வரை இறங்கும் கோட்டைக் காட்டி, "இதை மட்டும் எடுத்துடுங்க டாக்டர்" என்று கேட்பவர்கள்தான் அதிகம். அந்தக் கோடு அங்கே உண்டானதில்லை. வயது ஏற ஏறக் கன்னத்துக் கொழுப்பு மெலிகிறது, அதைத் தாங்கும் எலும்பு தேய்கிறது, மேலே இருந்த சதை சற்றுக் கீழே சரிகிறது. பந்தல் தொய்ந்தால் காலைத்தான் நிமிர்த்த வேண்டும். துணியில் விழுந்த மடிப்பை நீவிப் பயனில்லை. கோட்டிலேயே மருந்தை நிரப்பிக்கொண்டு போனால் வாயைச் சுற்றிய பகுதி முன்னுக்குத் தள்ளி, சிரிக்கும்போது முகம் வேறு யாருடையதோ போல் ஆகிவிடும். கை தேர்ந்த மருத்துவர் கன்ன எலும்பின் மேல் ஆழத்தில் கொஞ்சம் வைப்பார். கோடு முழுதாகப் போகாது, இளகும். அது போதும். நாற்பத்தைந்து வயது முகத்தில் அந்தக் கோடு அறவே இல்லாமல் இருப்பதுதான் செயற்கையாகத் தெரியும்.

ஒரு சிரிஞ்சில் இருப்பது பெரும்பாலும் 1 மில்லி. ஒரு டீஸ்பூன் 5 மில்லி என்றால், ஐந்தில் ஒரு பங்கு. இவ்வளவு சின்ன அளவில் எப்படி முகம் உப்பிப் போகிறது? ஒரே நாளில் உப்புவதில்லை. நான்கு மாதம் கழித்து இன்னொரு சிரிஞ்ச், அடுத்த வருடம் இரண்டு. ஒவ்வொரு முறையும் கண்ணாடியில் ஒப்பிட்டுப் பார்ப்பது போன மாதத்து முகத்தோடுதான். கண் அதற்குப் பழகிப்போய் "கொஞ்சம் குறையுதே" என்று சொல்லும். இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. பத்து வருடத்துக்கு முன் எடுத்த உங்கள் படம் ஒன்றை, ஃபில்டர் போடாததாக, கையோடு எடுத்துப் போங்கள். நடிகையின் படத்தை எடுத்துப் போகாதீர்கள்.

கருவளையத்துக்கு ஃபில்லரா?

நம் ஊரில் அதிகம் கேட்கப்படுவது இது. அதிகம் ஏமாற்றம் தருவதும் இதுதான்.

கண்ணுக்குக் கீழே கறுப்பாகத் தெரிவதற்குப் பல காரணங்கள். சிலருக்கு அது பள்ளத்தின் நிழல். சிலருக்குத் தோலின் நிறமே அங்கே கூடுதல். நம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இது சகஜம், பல வீடுகளில் அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே மாதிரி இருக்கும். மூக்கடைப்பு, அலர்ஜி, கண்ணைக் கசக்கும் பழக்கம் ஆகியவையும் கறுப்பைக் கூட்டும். ஃபில்லரால் மாற்ற முடிந்தது முதலாவதை மட்டும்.

வீட்டிலேயே ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். ஜன்னலுக்கு நேராக நின்று, வெளிச்சம் முகத்தில் நேராக விழும்படி தாடையைச் சற்று உயர்த்துங்கள். கறுப்பு பாதி மறைந்தால் அது நிழல். கறுப்பு அப்படியே நின்று, தோலை மெல்லப் பக்கவாட்டில் இழுத்தாலும் மறையாவிட்டால் பெரும்பாலும் நிறம். நிறத்துக்குக் களிம்பும் சன்ஸ்கிரீனும் பொறுமையும் வேண்டும். எவ்வளவு ஜெல் போட்டாலும் அது வெளுக்காது.

பள்ளம்தான் என்று உறுதியானாலும் இந்த இடத்தில் தாராளம் கூடாது. உடம்பிலேயே மெல்லிய தோல் கண் இமைத் தோல். ஜெல் தண்ணீரை இழுப்பதால் அதிகமானால் காலையில் எழும்போது பை கட்டினாற்போல் வீங்கியிருக்கும். மேலோட்டமாகப் போட்டால் தோலுக்கடியில் நீலம் பாரித்துத் தெரியும். ஏற்கெனவே கண்ணுக்குக் கீழே பை உள்ளவர்களுக்கு இது ஏற்ற சிகிச்சையே இல்லை.

உதடு, தாடை, காது மடல்

உதட்டில் முதல்முறை அரை மில்லி போட்டு, வீக்கம் வடிய இரண்டு வாரம் விட்டு, பிறகு பார்ப்பது நல்லது. மேலுதடு கீழுதட்டை விடச் சற்று மெல்லியதாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் ஐரோப்பிய முகத்துக்கு வகுத்த விகிதத்தை நம் உதட்டில் கொண்டுவந்து வைத்தால் பொருந்தாது. நம்மில் பலருக்கு மேலுதடே நிறைவாக இருக்கும். உதட்டின் ஓரக்கோட்டைத் தாண்டி ஜெல் மேலே கசிந்தால் மீசைப் பகுதி திரண்டு, பக்கவாட்டில் வாத்து அலகு போலத் தெரியும். தாடை உள்வாங்கியவர்களுக்கு அங்கே கொஞ்சம் வைத்தாலே மூக்கும் உதடும் சரியான அளவில் தெரியத் தொடங்கும்.

கனமான ஜிமிக்கி போட்டுப் போட்டு மடல் சுருங்கித் தொய்ந்தவர்களுக்குக் காது மடலிலும் ஃபில்லர் போடலாம். ஓட்டை கிழிந்துவிட்டிருந்தால் தையல்தான்.

கரைத்தவர்கள்

'ஃபிரெண்ட்ஸ்' தொடரில் நடித்த கோர்ட்னி காக்ஸ் தன் ஃபில்லர்களை எல்லாம் கரைத்துவிட்டதாக 2017இல் வெளிப்படையாகச் சொன்னார். 2025 ஜூலையில் நம் நாட்டு நடிகை உர்ஃபி ஜாவேத், உதட்டு ஃபில்லரைக் கரைக்கும் காட்சியையே வீடியோவாகப் போட்டார். ஊசி குத்தக் குத்த உதடும் கன்னமும் வீங்கிச் சிவந்ததை மறைக்கவில்லை. ஃபில்லரே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. இடம் தவறிப் போய்விட்டது, இனி இயல்பாகத் தெரியும்படி போட்டுக்கொள்வேன் என்றார். கரைப்பதும் ஒரு சிகிச்சை, அதற்கும் வலியும் வீக்கமும் செலவும் உண்டு என்பது அந்த வீடியோவைப் பார்த்தவர்களுக்குப் புரிந்திருக்கும்.

தேதி பார்த்துப் போடுங்கள்

ரத்தக்கட்டும் வீக்கமும் வடிய ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும். கல்யாணத்துக்கு முந்தின வாரம் போய் நிற்காதீர்கள். குறைந்தது ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ சாப்பிடுபவர்கள் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இதய நோய்க்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது. பல் சிகிச்சைக்கும் ஃபில்லருக்கும் இடையே இரண்டு வாரமாவது விடுங்கள். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் வேண்டாம்.

இந்த அறிகுறி வந்தால் காத்திருக்காதீர்கள்

ஜெல் தவறி ரத்தக் குழாய்க்குள் போவது அரிது. ஆனால் போனால் ஆபத்து. புருவங்களுக்கு நடுவிலும் மூக்கிலும் மூக்கோரக் கோட்டிலும் இந்த அபாயம் அதிகம், ஏனென்றால் அங்குள்ள குழாய்களுக்குக் கண்ணின் ரத்தக் குழாயோடு தொடர்பு உண்டு. "அறுவை சிகிச்சை இல்லாமல் மூக்கைச் சரிசெய்யலாம்" என்ற விளம்பரத்தைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

போட்ட இடம் திடீரென்று வெளுப்பது, தோலில் வலைபோல ஊதா நிறம் படர்வது, நேரம் ஆக ஆக வலி கூடுவது, பார்வை மங்குவது ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். கறுத்த தோலில் வெளுப்பு சட்டென்று தெரியாது. விரலால் அழுத்தி எடுத்தால் நிறம் திரும்பத் தாமதமாகும். வலி மாத்திரை போட்டுத் தூங்கிவிட்டால் அந்த இடத்துச் சதை அழுகிப் போகலாம். பார்வை போனால் நிமிடங்கள்தான் கணக்கு. விழித்திரை ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது என்பது பொதுவான கணிப்பு.

நாற்காலியில் உட்காரும் முன்

போடுபவர் தோல் மருத்துவரா, பிளாஸ்டிக் சர்ஜனா என்று கேளுங்கள். மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. பெட்டியை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். பெயரும் பேட்ச் எண்ணும் உள்ள ஸ்டிக்கரை உங்கள் ஃபைலில் ஒட்டி வாங்குங்கள். பாதி மீந்த சிரிஞ்சை இன்னொருவரோடு பகிர்ந்துகொள்ளும் "ஆஃபர்" எந்த விலைக்கும் வேண்டாம். ஹயலுரானிடேஸ் இப்போது இங்கே, இந்த அறையில் இருக்கிறதா என்று கேளுங்கள். "வாங்கிக்கலாம்" என்று பதில் வந்தால் அங்கே போட்டுக்கொள்ளாதீர்கள். ஊசி இல்லாமல் அழுத்தத்தால் ஜெல்லைச் செலுத்தும் பேனா ஆன்லைனில் கிடைக்கிறது. உதட்டுக்கும் தோலுக்கும் நிரந்தரக் கேடு வரலாம் என்று 2021 அக்டோபரிலேயே அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதைப் பற்றி எச்சரித்திருக்கிறது.

எல்லாம் கேட்டபின், "உங்களுக்கு இப்போதைக்குத் தேவையில்லை" என்று அந்த மருத்துவர் சொன்னால், ஆலோசனைக் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு அவருடைய நம்பரைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள். பின்னாளில் எப்போதாவது போட்டுக்கொள்வதானால் அவரிடமே போட்டுக்கொள்ளுங்கள்.