நாக்குக்குத் தெரிந்ததும் தெரியாததும்

இங்கிலாந்தில் ‘ஸ்ட்ராங் ஏல்’ என்றொரு பீர் வகை உண்டு. அதை மடமடவென்று குடித்து முடிப்பவர்கள் குறைவு. சின்னக் கிளாஸில் ஊற்றி, முகர்ந்து பார்த்து, ஒரு வாய் உறிஞ்சி, உலர்திராட்சை மணக்கிறது, கசப்பு கொஞ்சம் தூக்கல் என்று பேசிக்கொண்டே பொழுதைப் போக்குவார்கள். நம் ஊர்ச் சாராயத்துக்கும் சோதனைகள் உண்டு. தீக்குச்சி கிழித்துப் பற்றவைப்பார்கள். நீலமாக எரிந்தால் நல்ல சரக்கு. தொண்டையில் இறங்கும்போது சுரீரென்று எரிந்தால் இன்னும் நல்ல சரக்கு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் பாக்கெட் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்தச் சோதனைகளில் ஒன்றுகூட அவர்களைக் காப்பாற்றியிருக்க முடியாது.

குடிக்கும் பொருளைப் பற்றி மூக்கும் நாக்கும் எதையெல்லாம் சொல்லும், எந்த இடத்தில் கைவிரித்துவிடும்? ஸ்ட்ராங் ஏலிலிருந்து தொடங்கினால் இது எளிதாக விளங்கும்.

ஸ்ட்ராங் ஏல் என்பது என்ன?

பீருக்கு வேண்டியவை நான்கு: முளைகட்டி உலர்த்திய பார்லி, அதாவது மால்ட், தண்ணீர், ஹாப்ஸ் என்னும் கொடியின் பூ, ஈஸ்ட். மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்தால் அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அந்தச் சாற்றை ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவிட்டு, ஆறியதும் ஈஸ்ட் சேர்த்தால், ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று எத்தனாலையும் கார்பன் டை ஆக்சைடையும் வெளிவிடும். எத்தனால்தான் போதை தரும் ஆல்கஹால்.

டாஸ்மாக் கடைகளில் கிடைக்கும் பீர் பெரும்பாலும் லாகர். அது குளிர்ந்த சூழலில், ஏறத்தாழ 8 முதல் 13 டிகிரி செல்சியஸில் மெதுவாக நொதிப்பது. ஏல் 20 டிகிரியை ஒட்டி நொதிக்கிறது. அந்த வெப்பத்தில் ஈஸ்ட் ஆல்கஹாலோடு நிற்காமல் எஸ்டர் எனப்படும் பழமணப் பொருள்களையும் தாராளமாக உண்டாக்கும். ஏலின் வாசனையில் பாதி இப்படி வந்ததுதான்.

‘ஸ்ட்ராங்’ என்றதும் நம் ஊர் ஸ்ட்ராங் பீரை நினைத்துவிடக் கூடாது. இந்திய உணவுப் பாதுகாப்புத் தர ஆணைய விதிப்படி 5 சதவீதத்துக்கு மேல் 8 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ள பீர் ‘ஸ்ட்ராங்’. இங்கே அந்தப் பலத்தை எட்ட அரிசி, மக்காச்சோளம், சர்க்கரை ஆகியவற்றைச் சேர்ப்பது வழக்கம்; போதை ஏறும், ஆனால் நாக்கில் அடர்த்தி இருக்காது. ஆங்கிலேய முறையில் பெரும்பாலும் மால்ட்டையே அள்ளிப் போட்டுப் பலம் ஏற்றுவார்கள். லண்டன் சிஸ்விக்கின் ஃபுல்லர்ஸ் 1997 முதல் ஆண்டுதோறும் வெளியிடும் ‘வின்டேஜ் ஏல்’ 8.5 சதவீதம். 1968-இல் டார்செஸ்டரின் எல்ட்ரிட்ஜ் போப் ஆலை, நாவலாசிரியர் தாமஸ் ஹார்டி மறைந்து நாற்பதாண்டு ஆனதையொட்டி அவர் பெயரில் ஒரு ஏல் தயாரித்தது. அதன் பலம் 12 சதவீதத்தைத் தொட்டது. இவற்றைப் பல ஆண்டுகள் பாட்டிலிலேயே முதிரவிட்டுத் திறப்பவர்கள் உண்டு.

எப்படி ருசி பார்க்கிறார்கள்?

முதல் விஷயம் குளிர்ச்சி. ஐஸ் குளிரில் மணம் எழும்பாது, நாக்கும் மரத்துப்போகும். அதனால் ஸ்ட்ராங் ஏலை 12, 13 டிகிரியில், அதாவது ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சற்று நேரம் வெளியே வைத்த பிறகே ஊற்றுவார்கள். வயிறு அகன்று வாய் குறுகிய கிளாஸில் பாதிக்கும் குறைவாக ஊற்றினால், மேலே மிஞ்சும் வெற்றிடத்தில் மணம் தங்கும்.

அடுத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பது. செம்பழுப்பிலிருந்து கருஞ்சிவப்பு வரை நிறம் இருக்கலாம். பிறகு கிளாஸை மெல்லச் சுழற்றி முகர வேண்டும். டாஃபி, கருப்பட்டிப் பாகு, உலர்திராட்சை, பேரீச்சை என்று இனிப்பு சார்ந்த மணங்கள் முன்னே வரும். ஃபுல்லர்ஸ் ஏல்களில் ஆரஞ்சு மார்மலேட் மணத்தைக் கண்டுகொள்வார்கள். அந்த ஆலை ஈஸ்டின் கைவரிசை அது. ஹாப்ஸ் தருவது மண்வாசமும் மூலிகை மணமும்.

அதன் பிறகுதான் வாயில் வைப்பது. சிறு மடக்காக எடுத்து, நாக்கு முழுவதும் பரவவிட்டு, விழுங்கியபின் மூச்சை மூக்கு வழியாக விட வேண்டும். நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு, தொண்டையின் பின்பக்கமாக மூக்குக்கு ஏறும் மணம்தான். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஏலைக் குடித்தால் இனிப்பும் கசப்பும் மட்டுமே மிஞ்சும். உலர்திராட்சை காணாமல் போய்விடும். ஒயினை ருசித்துத் துப்புவதுபோல் ஏலைத் துப்புவதில்லை. விழுங்கிய பிறகு நின்று பேசும் கசப்பும் மதிப்பீட்டில் சேர்த்தி.

பழகிய மூக்கு குறைகளையும் காட்டிக்கொடுக்கும். வெண்ணெய் வாடை வந்தால் டையசெட்டில் மிஞ்சியிருக்கிறது. ஈஸ்ட் தன் வேலையை முடிக்கவில்லை. பச்சை ஆப்பிள் வாடை என்றால் அசிட்டால்டிஹைடு. நனைந்த அட்டைப்பெட்டி வாடை என்றால் காற்றுப் பட்டுப் பழசாகிவிட்டது. டையசெட்டில் ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராமின் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே பயிற்சி பெற்றவர் பிடித்துவிடுவார். இந்த அளவை நினைவில் வையுங்கள், பின்னால் உதவும்.

எரிச்சல் ஒரு ருசி அல்ல

இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு ஆகியவற்றை நாக்கின் சுவை மொட்டுகள் உணர்கின்றன. ஆல்கஹாலின் எரிச்சல் அந்தக் கணக்கில் வராது. அது வலி நரம்பின் வேலை. வாயிலுள்ள டி.ஆர்.பி.வி.1 என்னும் உணர்வாங்கி சுமார் 42 டிகிரி சூட்டில் விழித்து ‘சுடுகிறது’ என்று மூளைக்குச் சொல்லும். மிளகாயின் கேப்சைசின் இதே உணர்வாங்கியைத் தட்டுவதால்தான் காரம் சுடுகிறது. எத்தனால் அந்த வரம்பைச் சுமார் 34 டிகிரிக்கு இறக்கிவிடும் என்று 2002-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதாவது உடலின் சொந்தச் சூடே சுடுவதுபோல் தோன்றும்.

ஸ்ட்ராங் ஏலை மதிப்பிடுபவர்கள் நெஞ்சில் பரவும் இதமான கதகதப்பை வரவேற்பார்கள். தொண்டை எரிந்தால் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார்கள். நொதிப்பு சூடேறித் தறிகெட்டுப் போனால் உருவாகும் கனமான ஆல்கஹால்களுக்கு அந்த எரிச்சல் அடையாளம். கள்ளச்சாராயத்தில் கதை தலைகீழ். அங்கே எரிச்சல்தான் தரத்தின் முத்திரை. எரிந்தால் போதும் என்று வாங்குகிறவனிடம், எரியும் எதையும் விற்றுவிடலாம்.

மலையின் ஊறல்

கள்ளச்சாராயம் எப்படி உருவாகிறது என்று பார்க்கக் கள்ளக்குறிச்சியின் மலைக்கே போகலாம். கல்வராயன் மலை கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும், மேற்கே கருமந்துறை பக்கம் சேலம் மாவட்டத்திலும் பரந்து கிடக்கிறது. வெள்ளிமலை, கரியாலூர் வட்டாரங்களில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். மரவள்ளி, சாமை, கடுக்காய், தேன் என்று பிழைக்கும் மலை அது. கூடவே, நீரோடைக்கரையில் பேரலில் சாராய ஊறல் போடுகிறவர்களும் இருந்திருக்கிறார்கள். ‘ஆயிரம் லிட்டர் ஊறல் அழிப்பு’ என்ற செய்தி இந்த மாவட்டத்தின் செய்தித்தாள் வாசகருக்குப் புதிதல்ல.

ஊறலில் நடப்பதும் பீர் ஆலையில் நடப்பதும் அடிப்படையில் ஒரே வேலை. மால்ட்டுக்குப் பதில் வெல்லம். ஹாப்ஸ் தரும் கசப்புக்கும் துவர்ப்புக்கும் பதில் வேலம்பட்டையும் கடுக்காயும். நொதித்ததை அப்படியே குடித்தால் அது பீரின் இனம். காய்ச்சி ஆவியைக் குளிர்வித்து வடித்தால் சாராயம்.

சென்னை மாகாண மதுவிலக்குச் சட்டம் 1937 அக்டோபர் 1 அன்று முதன்முதலில் நடைமுறைக்கு வந்த மாவட்டம் சேலம். ஆக, இந்த மலையின் ஒரு பக்கம் மதுவிலக்கின் முதல் நாளிலேயே அதற்குள் வந்துவிட்டது. 1987 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் சாராயமும் கள்ளும் மீண்டும் தடையாயின. தடை செய்யப்பட்ட சரக்கை விற்குமுன் எந்த ஆய்வகமும் சோதிக்காது, எந்தப் பாட்டிலிலும் லேபிள் இருக்காது. ருசி பார்ப்பதைத் தவிர வாங்குபவரிடம் வேறு வழியில்லை.

மெத்தனால் எங்கிருந்து வருகிறது?

கருணாபுரத்துச் சாவுகளுக்குக் காரணம் மெத்தனால். சரியாகக் காய்ச்சாததால் ஊறலிலேயே மெத்தனால் உண்டாகிவிட்டது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. அது பெரும்பாலும் தவறு. நொதிப்பில் மெத்தனால் வருவது பழத்தோலிலும் சதையிலும் உள்ள பெக்டின் என்ற பொருளிலிருந்து. வெல்லத்திலும் பார்லியிலும் பெக்டின் மிகச் சொற்பம். அதனால் ஏலில் இருக்கும் மெத்தனாலை அஞ்சத் தேவையில்லை. வெல்ல ஊறலிலும் ஊரையே சாய்க்கும் அளவுக்கு அது தானாக உருவாகாது.

அந்த அளவு மெத்தனால் தொழிற்சாலைச் சரக்கு. பெயின்ட், பிசின், ரசாயனத் தொழில்களில் கரைப்பானாகவும் மூலப்பொருளாகவும் பயன்படுவது. அதை வாங்க, விற்க, வைத்திருக்கத் தமிழகத்தில் உரிமம் வேண்டும். இதற்கென 1959-ஆம் ஆண்டு விதிகளே இருக்கின்றன. அங்கிருந்து கசிந்ததுதான் தண்ணீரோடு கலந்து பாக்கெட்டில் ஏறுகிறது. 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டுப் பக்கமும் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததும் மெத்தனாலால்தான். மலைச் சாராயம் சுத்தமானது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அதிலும் போதைக்காக எதை எதையோ கலப்பார்கள். ஆனால் இந்த விஷத்தின் முகவரி கெமிக்கல் கிடங்கு, மலை அல்ல.

ஏன் பிடிபடுவதில்லை?

டையசெட்டிலை அத்தனை நுணுக்கமாகப் பிடிக்கும் மூக்கு, சாராயத்தில் கலந்த மெத்தனாலை லிட்டருக்குப் பல கிராம் இருந்தாலும் பிடிக்காது. மெத்தனால் மூலக்கூறு எத்தனாலின் தம்பி. ஒரு கார்பன் குறைவு, அவ்வளவுதான். நிறம் இல்லை. வாசனை ஏறக்குறைய அதே. எரிச்சலும் அதே.

தீக்குச்சிச் சோதனையும் பொய்த்துவிடும். மெத்தனாலும் நீலமாகத்தான் எரியும். ஆல்கஹால் அளக்கும் மிதவைக் கருவியும் ஏமாறும்: எத்தனாலின் அடர்த்தி 0.789, மெத்தனாலின் அடர்த்தி 0.792. காய்ச்சும்போது முதலில் வடிவதைக் கொட்டிவிட்டால் போதும் என்பார்கள். மெத்தனால் 64.7 டிகிரியிலும் எத்தனால் 78.4 டிகிரியிலும் கொதிக்கும் என்பது சரிதான். ஆனால் தண்ணீரோடு கலந்த நிலையில் பேரல் அடுப்பில் அவை அப்படி வரிசையில் நின்று வெளியேறுவதில்லை. வடித்த பிறகு கலந்த மெத்தனாலுக்கோ இந்தப் பேச்சே பொருந்தாது. இரண்டையும் நம்பகமாகப் பிரித்துக் காட்டுவது ஆய்வகத்தின் கேஸ் குரோமட்டோகிராஃபி கருவி.

சிஸ்விக்கில் ஒருவர் கிளாஸைச் சுழற்றி நிதானமாக ருசி பார்க்க முடிவது அவருடைய நாக்கு கெட்டிக்கார நாக்கு என்பதால் மட்டுமல்ல. கிளாஸுக்கு வருமுன்பே ஆலையும் ஆய்வகமும் சட்டமும் அதைச் சோதித்து முடித்திருக்கின்றன. ருசிப்பது எல்லாச் சோதனைக்கும் பிறகு வரும் சந்தோஷம். அதைச் சோதனையாகவே வைத்துக்கொள்ளும் நிலைக்கு ஆளானவர்கள்தான் கருணாபுரத்துக் கூலித் தொழிலாளர்கள்.

உடலுக்குள் நடப்பது

மெத்தனால் உள்ளே போனதும் கொல்வதில்லை. கல்லீரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த விடாமல் தடுக்கும். முதலில் அடிபடுவது பார்வை நரம்பு. தூய மெத்தனால் 10 மி.லி. பார்வையைப் பறிக்கலாம், 30 மி.லி. உயிரைப் பறிக்கலாம். மெத்தனாலின் போதை எத்தனாலைவிடக் குறைவு என்பதால் ‘சரக்கு டல்’ என்று இன்னொரு பாக்கெட் வாங்கத் தோன்றும். அறிகுறிகள் தெரியப் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் ஆகும். கூடவே எத்தனாலும் இருந்தால் இன்னும் தாமதமாகும். அந்த இடைவெளியில் ஊரில் பலரும் குடித்து முடித்திருப்பார்கள்.

வயிற்றுவலி, வாந்தி, தலைவலி, மூச்சு வாங்குதல், கண்முன் பனிபோல் வெளுப்பது, பார்வை மங்குவது ஆகியவை அறிகுறிகள். சாதாரணப் போதையென்று மோர் கொடுத்துப் படுக்கவைத்தால் நேரம்தான் வீணாகும். உடனே 108-ஐ அழைக்க வேண்டும். ஃபோமெபிசோல் என்ற மாற்று மருந்து, ரத்தத்தின் அமிலத்தைச் சமன்செய்யும் சோடியம் பைகார்பனேட், ரத்தத்திலிருந்து விஷத்தை அகற்றும் டயாலிசிஸ் எல்லாம் இருக்கின்றன. எல்லாமே ஃபார்மிக் அமிலம் அதிகம் சேருமுன் தொடங்கினால்தான் முழுப் பலன் தரும். என்ன குடித்தார், எப்போது குடித்தார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே இடத்தில் வாங்கிக் குடித்த மற்றவர்களையும், நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்று விட்டுவிடாமல், கையோடு அழைத்துப் போக வேண்டும்.