‘போதும்’ என்னும் கட்டளை

விரலில் கத்தி பட்டு, சிறு வெட்டுக்காயம் ஏற்படுகிறது. சில நாள்களில் புதிய தோல் வளர்ந்து காயத்தை மூடுகிறது. காயம் ஆறியதும் அந்த வளர்ச்சி நின்றுவிடுகிறது. அங்கிருந்த உயிரணுக்களை வளரச் சொன்னது எது? ‘போதும்’ என்று நிறுத்தியது எது?

காயம் பட்ட இடத்தில் வெளிப்படும் பொருள்களுள் ‘இஜிஎஃப்’ என்னும் புரதமும் ஒன்று. இதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்க அறிவியலாளர் ஸ்டான்லி கோஹன். பிறந்த சுண்டெலிக் குஞ்சுகளுக்கு இதைச் செலுத்தியபோது, அவற்றின் கண்ணிமைகள் வழக்கத்தைவிட முன்னதாகவே திறந்துகொண்டன. வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களைப் பற்றிய ஆய்வுக்காக, 1986ஆம் ஆண்டில் மருத்துவ நோபல் பரிசு அவருக்கும் ரீட்டா லெவி-மொண்டால்சினிக்கும் வழங்கப்பட்டது.

இஜிஎஃப் நேரடியாக உயிரணுவுக்குள் நுழைந்து கட்டளை இடுவதில்லை. உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள ‘ஏற்பி’ என்னும் புரதத்தோடு அது இணைகிறது. உடனே ஏற்பி விழித்துக்கொள்கிறது. உள்ளே இருக்கும் ராஸ், பிராஃப் முதலிய புரதங்கள் ஒன்றையடுத்து ஒன்று தூண்டப்படுகின்றன. முடிவில், பெருகும்படி உயிரணுவுக்குக் கட்டளை கிடைக்கிறது.

தண்ணீர்த் தொட்டியில் நீர் நிரம்பியதும் மிதவை உயர்ந்து குழாயை அடைத்துவிடும். அதுபோலவே, உயிரணுவுக்குள் சமிக்ஞை பெருகியதும் அச்சமிக்ஞையே திரும்பிவந்து ஏற்பியை அடக்குகிறது. சில ஏற்பிகள் உள்ளே இழுக்கப்பட்டுச் சிதைக்கவும்படுகின்றன. இதுவே பின்னூட்டக் கட்டுப்பாடு.

இக்கட்டுப்பாடு பயனற்றுப் போனால் புற்றுநோய் உருவாகலாம். பிராஃப் மரபணுவில் ஏற்படும் ஒரு மாற்றத்தால், அப்புரதம் ஏற்பியின் கட்டளைக்குக் காத்திராமல் ஓயாது சமிக்ஞை அனுப்புகிறது. மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் கண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் பிராஃப் மரபணு மாற்றம் காணப்படுகிறது. மாறிய பிராஃபைத் தடுக்கும் வெமுராஃபெனிப் என்னும் மருந்து 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டது. பலருக்குக் கட்டிகள் சுருங்கின.

பெருங்குடல் புற்றுநோயாளிகள் சிலரிடமும் இதே மரபணு மாற்றம் உண்டு. ஆயினும், அதே மருந்து அவர்களுள் மிகச் சிலருக்கே பயன் தந்தது. காரணம் 2012ஆம் ஆண்டில் தெரியவந்தது. பெருங்குடல் புற்றணுக்களில் இஜிஎஃப் ஏற்பிகள் அதிகம். பிராஃபின் மிகுதியான சமிக்ஞைதான் அதுவரை அவற்றை அடக்கி வைத்திருந்தது. மருந்து அச்சமிக்ஞையைக் குறைத்ததும், நீர் குறைந்த தொட்டியில் மிதவை தாழ்ந்து குழாய் திறப்பதுபோல, ஏற்பிகள் மீண்டும் விழித்துக்கொண்டன. சமிக்ஞை மாற்றுவழியில் பாய்ந்தது. மெலனோமா அணுக்களிலோ இந்த ஏற்பிகள் மிகக் குறைவு. ஆகவே, அங்கு இச்சிக்கல் பெரிதாக எழவில்லை.

இந்த உண்மை புதிய சிகிச்சைக்கு வழிகாட்டியது. பிராஃபைத் தடுக்கும் ஒரு மருந்தும் ஏற்பியைத் தடுக்கும் மற்றொரு மருந்தும் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. இக்கூட்டுச் சிகிச்சை, பிராஃப் மாற்றமுள்ள முற்றிய பெருங்குடல் புற்றுநோய்க்கு 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது.

நோயை உண்டாக்கும் புரதம் எது என்று அறிவது மட்டும் போதாது. அதை அடக்கினால் உயிரணுவுக்குள் வேறு எது விழித்தெழும் என்பதையும் அறிந்தால்தான் சிகிச்சை பலன் தரும்.