பைக்காரா தரும் தொழிற்கல்வி

நம் வீடுகளில் விளக்கேற்றுவதற்கு இப்போது எண்ணெயும் வேண்டுவதில்லை, திரியும் வேண்டுவதில்லை. சுவரிலுள்ள விசையைத் தட்டினால் போதும், அறை பட்டப்பகலாகிவிடுகிறது. அந்த வெளிச்சத்தில் ஒரு பங்கு நீலகிரி மலையிலிருந்து வருகிறது என்பது அநேகருக்குத் தெரியும். உதகமண்டலத்துக்குப் போகும் பிரயாணிகள் பைக்காரா நீர்வீழ்ச்சியைக் கண்டு களித்து, ஏரியில் படகும் ஏறிவிட்டுத் திரும்புகிறார்கள். ஆனால் அந்த ஆற்று நீர் மலைச் சரிவில் இறங்கிச் சக்கரத்தைச் சுழற்றும் இடத்தில், கையில் ஸ்பானரும் சட்டையில் எண்ணெய்க் கறையுமாக வேலை பழகும் வாலிபர்களைப் பற்றி நினைப்பவர் மிகச் சிலரே. ஒரு தேசத்துக்கு யந்திரங்கள் எவ்வளவு அவசியமோ, அவற்றைப் பேணத் தெரிந்த கைகளும் அவ்வளவு அவசியம். அத்தகைய கைகள் எவ்வாறு உருவாகின்றன என்பதைச் சற்றுக் கவனிப்போம்.

மூவாயிரம் அடி வீழ்ச்சி

பைக்காரா ஆறு முக்குருத்திச் சிகரத்தின் அருகே பிறக்கிறது. மலையின் ஆதிகுடிகளான தோதவர்கள் அதைப் புனித நதியாகப் போற்றுகிறார்கள். மேட்டு நிலத்தில் சாதுவாக ஓடும் இந்த ஆறு, மலையின் வடபுற விளிம்பை அடைந்ததும் பெரும் பள்ளத்தை எதிர்ப்படுகிறது. மேலே கிளென்மார்கன், கீழே, மசினகுடிக்கு அருகில், சிங்காரா. நீரைக் கிளென்மார்கனில் தேக்கி, எஃகுக் குழாய்களின் வழியே சிங்காராவுக்கு இறக்கினால் 3,080 அடி வீழ்ச்சி கிடைக்கும். அந்நாளில் உலகத்திலேயே மிக உயர்ந்த வீழ்ச்சிகளைக் கொண்ட மின் நிலையங்களின் வரிசையில் இதற்கும் ஓர் இடம் இருந்தது.

1920-களில் சென்னை அரசாங்கத்தின் சட்ட மெம்பராயிருந்த ஸர் ஸி. பி. ராமஸ்வாமி ஐயர் இத்திட்டத்தை முன்னின்று ஆதரித்தார். 1927-ல் மின்சாரத்துக்கென்று தனி இலாகா ஏற்பட்டது. 1929-ல் வேலை தொடங்கியது. சிங்காராவைச் சுற்றிலும் யானைகள் உலவும் காடு. அக்காலத்தில் மலேரியாக் காய்ச்சலுக்குப் பேர் போன பிரதேசம். அங்கே பாதை வெட்டி, குழாய் பதித்து, யந்திரங்களை நிறுத்தி, 1932-ல் மின்சாரம் உண்டாக்கிவிட்டார்கள். முதலில் நிறுவிய யந்திரங்கள் மூன்று. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 7,000 கிலோவாட் சக்தியுடையது.

நீலகிரியில் நீரிலிருந்து மின்சாரம் எடுப்பது அதற்கு முன்பும் உண்டு. குன்னூருக்கு அருகிலுள்ள காட்டேரியில், இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே ஒரு சிறு நிலையம் எழுந்தது. ஆனால் அதன் சக்தி அரவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலைக்குப் போயிற்று. 1902-ல் மைசூர் ராஜ்யத்தின் சிவசமுத்திரத்தில் பிறந்த மின்சாரமோ கோலார் தங்கச் சுரங்கத்துக்குச் சென்றது. பைக்காராவின் மின்சாரம் கோயம்புத்தூர்ச் சமவெளியில் இறங்கியது. பஞ்சாலைகள் பெருகின, மாடு கட்டிக் கவலை இறைத்த கிணறுகளில் மின்சாரப் பம்புகள் ஓடலாயின. மலைநீர் சாதாரண ஜனங்களின் தறிக்கும் வயலுக்கும் உழைக்கத் தொடங்கியது இவ்வாறுதான்.

அரமும் ரசமட்டமும்

இத்தகைய நிலையத்தில் மெக்கானிக்காக வேலை பழக வரும் வாலிபன் முதல் நாளே டர்பைனைக் கழற்றி மாட்டிவிடுவான் என்று எண்ணுதல் வேண்டா. தொழிற்பயிற்சி நிலையத்தில் பிட்டர் வேலைக்கு இரண்டு ஆண்டுப் படிப்பு. அதன் ஆரம்பப் பாடம் அரம் பிடிப்பது. ஓர் இரும்புத் துண்டை வைஸில் இறுக்கி, நான்கு பக்கமும் சமமாகும்வரை ராவ வேண்டும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், மயிரிழை இடைவெளியும் தெரிந்துவிடும். மறுபடியும் ராவ வேண்டியதுதான். உள்ளங்கை கொப்புளிக்கும், தோள் வலிக்கும். "இதற்காகவா படித்தோம்?" என்ற சலிப்பும் தோன்றும்.

ஆனால் மின் நிலையத்துக்கு வந்த பிறகு அந்தப் பாடத்தின் அர்த்தம் விளங்கிவிடுகிறது. டன் கணக்கில் எடையுள்ள சுழல் தண்டு, பேரிங்குகளின் மீது எண்ணெய்ப் படலத்தில் மிதந்து ஓடுகிறது. ரசமட்டத்தில் ஓர் இம்மி பிசகினாலும் தண்டு அதிரும், பேரிங் சூடேறும், உலோகம் உருகிப் போகும். அரத்தோடு போராடிக் கற்ற பொறுமையே இங்கே கைகொடுக்கிறது.

பட்டறையில் மூத்த பிட்டரை இவன் "அண்ணே" என்கிறான். அவர் இவனைத் "தம்பி" என்கிறார். எண்ணெய் அளவு பார்ப்பது, மணிக்கு மணி பேரிங்கின் வெப்பத்தைக் குறித்து வைப்பது, கழற்றிய போல்ட்டுகளை வரிசை பிசகாமல் அடுக்குவது ஆகியவையே தொடக்கத்தில் தம்பிக்குக் கிடைக்கும் வேலைகள். அற்பமாகத் தோன்றும் இக்காரியங்களில்தான் அண்ணன் தம்பியின் தரத்தை அளந்துகொள்கிறார்.

நீரின் வேகம்

சிங்காராவில் சுழல்வது பெல்டன் சக்கரம். இதைக் கண்டுபிடித்த லெஸ்டர் பெல்டன் கல்லூரிப் பண்டிதர் அல்லர். அமெரிக்காவில், கலிபோர்னியாவின் தங்க வயல்களில் தச்சு வேலையும் ஆலை வேலையும் செய்தவர். 1880-ல் தம் சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். சக்கரத்தின் விளிம்பைச் சுற்றிலும் இரட்டைக் கிண்ணங்கள் இருக்கும். குழாயின் முனையிலிருந்து பாயும் நீர்த்தாரை, இரு கிண்ணங்களுக்கும் நடுவேயுள்ள கூர்மையான வரம்பில் மோதி இரண்டாகப் பிரிந்து, தன் வேகத்தையெல்லாம் சக்கரத்துக்கு அளித்துவிட்டுச் சோர்ந்து கீழே விழுகிறது.

3,080 அடி உயரமுள்ள நீர்த் தூணின் அடியில், ஒரு சதுர அங்குலத்துக்கு 1,300 பவுண்டுக்கு மேல் அழுத்தம் இருக்கும். மோட்டார் வண்டிச் சக்கரத்திலுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல் இது நாற்பது மடங்குக்கும் அதிகம். அந்த அழுத்தத்தில் வெளிப்படும் நீர்த்தாரையின் வேகம், கணக்குப்படி, மணிக்கு ஏறக்குறைய 480 கிலோமீட்டர். அதனால்தான் 7,000 கிலோவாட் யந்திரம் ஒன்றுக்கு விநாடிக்குச் சுமார் ஒரு கன மீட்டர் நீரே போதுமாயிருக்கிறது. 150 அடி மட்டும் விழும் நீரிலிருந்து அதே சக்தியைப் பெறுவதற்கு இருபது மடங்கு நீர் வேண்டும்.

இந்த வேகத்தை அடக்கியாளும் முறைதான் வாலிபன் கற்கும் பாடங்களில் தலையாயது. ஊரில் ஏதோ கோளாறு நேர்ந்து மின்சாரத்தின் தேவை திடீரென்று நின்றுவிட்டதாக வைத்துக்கொள்வோம். சுமை நீங்கிய சக்கரம் வெறி கொண்டதுபோல் சுழலத் தொடங்கும். உடனே நீரை அடைத்துவிட்டால் என்ன என்று நமக்குத் தோன்றும். அப்படிச் செய்தால் ஆபத்து. மலையின் மேலிருந்து இறங்கிவரும் நீர் முழுவதும் தடைப்பட்டு, சம்மட்டியால் அடித்ததுபோல் குழாயைத் தாக்கும், எஃகும் வெடிக்கக்கூடும். ஆகவே முதலில் ஒரு தகடு குறுக்கே வந்து நீர்த்தாரையைச் சக்கரத்தின் மேல் படாமல் விலக்கிவிடுகிறது. அதன் பின்னரே ஊசி வால்வு மெல்ல மெல்ல மூடுகிறது. கவர்னர் என்னும் கருவி இதைத் தானே செய்துவிடும். ஆயினும் அந்தக் கருவியின் மூட்டுகளையும் எண்ணெய்க் குழாய்களையும் பழுதின்றி வைத்திருப்பவன் மெக்கானிக். அவனுடைய கவனம் ஒரு நாள் தவறினால், கருவியும் தவறலாம்.

காதும் கருத்தும்

தேர்ந்த மெக்கானிக் கண்ணை மட்டும் நம்புவதில்லை, காதையும் துணைகொள்கிறான். யந்திரசாலையின் ஓயாத பேரிரைச்சலில் புதியவனுக்கு எல்லாம் ஒரே சத்தம். மூத்தவரோ நடந்துகொண்டே இருப்பார். திடீரென்று நின்று தலையைச் சாய்ப்பார். இரைச்சலுக்குள் ஒரு சிறு கீச்சொலியோ அதிர்வோ புதிதாகக் கலந்திருக்கும். அதை இனம் காணும் பழக்கம் புத்தகத்தால் வருவதன்று. பல மாதங்கள் அருகிருந்து பழகுவதால் வருவது.

யந்திரத்தை நிறுத்திப் பழுது பார்க்கும்போது வாலிபன் சக்கரத்தின் அருகிலேயே சென்று ஒவ்வொரு கிண்ணத்தையும் சோதிக்க வேண்டும். நீரோடு வரும் நுண்மணல் வழவழப்பான எஃகையும் அரித்துவிடும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளைக் காண, சாயம் தடவித் துடைத்துப் பார்ப்பார்கள். வெடிப்பு இருந்தால் சாயம் கோடாகக் கசிந்து காட்டிக்கொடுக்கும். அவ்வாறு உள்ளே ஓர் ஆள் இருக்கும்போது, வெளியே எவரேனும் அறியாமல் வால்வைத் திறந்துவிட்டால் அவன் கதி என்னவாகும்? அதற்காகவே கடுமையான நியதி உண்டு: பெரிய வால்வை மூடிப் பூட்ட வேண்டும், அறிவிப்புப் பலகை தொங்க வேண்டும், அனுமதிச் சீட்டுக் கையில் இருக்க வேண்டும். வேலை முடிந்து, உள்ளே போனவர்களை எண்ணிப் பார்த்த பிறகே சீட்டைத் திருப்பிக் கொடுக்கலாம். இந்த நியதியில் அதிகாரி என்றும் பயிலுநன் என்றும் பேதமில்லை.

நமது யந்திரம்

பைக்காராவில் உழைத்து வெளியேறும் நீரையே மீண்டும் பயன்படுத்தி, 1952-ல் மாயாறு மின் நிலையம் எழுந்தது. கனடா தேசத்தின் உதவியோடு அமைந்த குந்தா நிலையங்கள் 1960 முதல் இயங்கத் தொடங்கின. குந்தாவில் உழைத்த நீர் கெத்தையிலும், பிறகு பரளியிலும், பில்லூரிலும் படிப்படியாக உழைக்கிறது. 2005-ல் அதே பைக்காரா நீருக்கு, பூமிக்கு அடியில், 1,50,000 கிலோவாட் சக்தியுள்ள புதிய நிலையம் தோன்றியது. ஆங்கிலேயர் 1947-ல் விடைபெற்றார்கள். கனடா நிபுணர்களும் தங்கள் வேலை முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். யந்திரங்களை அன்று முதல் ஓட்டிக் காத்து வருபவர்கள் நம்மவர்களே. 1961-ல் இயற்றிய தொழில் பழகுநர் சட்டம், இவ்வாறு வேலை கற்போருக்கு உதவித்தொகையும் ஒழுங்கான பயிற்சியும் கிடைக்க வகை செய்தது.

ஆயினும் ஒரு விஷயத்தில் நாம் இன்னும் பின்தங்கியே இருக்கிறோம். கை அழுக்காகாத உத்தியோகமே கௌரவமானது என்ற எண்ணம் நம் குடும்பங்களை விட்டு முற்றும் நீங்கவில்லை. பட்டறைக்குப் போகும் பிள்ளையைப் பற்றி உறவினரிடம் தாழ்ந்த குரலில் பேசும் பெற்றோர் இன்றும் உண்டு. மூத்த பிட்டர் ஒருவர் ஓய்வு பெறும்போது, முப்பது ஆண்டுகளாக அவர் காதில் சேர்த்து வைத்த ஞானமும் அவரோடு வீட்டுக்குப் போய்விடுகிறது. அதற்கு முன்னால் அவர் அருகில் நின்று அதைப் பெற்றுக்கொள்ள ஒரு தம்பி வந்திருக்க வேண்டும். வராவிட்டால், யந்திரம் புதிதாயினும் பழையதாயினும், அதைப் பழுது பார்க்க மறுபடியும் பிறர் முகத்தையே நோக்கி நிற்க நேரிடும்.

வீட்டில் அரத்தையும் ஸ்பானரையும் ஆசையோடு எடுத்துப் பார்க்கும் பிள்ளை இருந்தால், பெற்றோர் அவனைத் தடுக்காதிருப்பார்களாக. பெண் குழந்தைக்கு அந்த ஆசை இருந்தாலும் அவ்வாறே. எண்ணெய்க் கறை சோப்பில் போய்விடும்; கற்ற தொழில் போகாது.