தட்டைப் பாதமும் ஓட்டமும்

உள்ளங்காலை நனைத்து, உலர்ந்த சிமெண்டுத் தரையில் ஒருமுறை ஊன்றி எடுங்கள். பதிந்த சுவட்டைப் பாருங்கள். பலருடைய சுவட்டில் உட்புறம் பிறைபோன்ற வெற்றிடம் காணப்படும். சிலருடைய சுவட்டில் அவ்வெற்றிடம் இன்றி, உள்ளங்கால் முழுவதும் பதிந்திருக்கும். இத்தகைய பாதத்தையே தட்டைப் பாதம் என்கிறோம்.

ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள் உள்ளன. அவை தசைகளாலும் நாண்களாலும் பிணைக்கப்பட்டு வளைவாக அமைந்துள்ளன. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. வளைவு சற்றே தாழ்ந்து அதனைத் தாங்குகிறது. பின்னர் வில்லைப் போல் நிமிர்ந்து காலை முன்னோக்கி உந்துகிறது. தட்டைப் பாதம் உடைய சிலருக்குக் கணுக்கால் உட்புறமாகச் சாயும். அதனால் அங்குள்ள தசைநாணும் முழங்காலும் மிகுதியாக உழைக்க நேரிடும்.

அவ்வாறாயின், தட்டைப் பாதம் உடையோர் ஓடலாகாதா? ஓடலாம். குழந்தைப் பருவத்தில் பாதம் தட்டையாக இருப்பது இயல்பே. பெரும்பாலோர்க்கு 10 வயதிற்குள் வளைவு உருவாகிவிடும். உருவாகாதவர்களுள்ளும் பலருக்கு வலி இருப்பதில்லை. நுனிக்காலில் நிற்கும்போது வளைவு தோன்றினால் அப்பாதம் நெகிழ்வுடையது. வலியும் இல்லையெனில் அஞ்ச வேண்டுவதில்லை. எனவே, "உன் கால் தட்டை, நீ ஓட வராதே" என்று ஒரு தோழனை விளையாட்டிலிருந்து விலக்குவது அறியாமையாகும்.

காயமின்றி ஓடச் சில வழிகள்:

1. ஓடும் தொலைவைச் சிறிது சிறிதாகக் கூட்டுக. வாரத்தில் சில நாள் ஓய்வு கொள்க.
2. குதிகாலை உறுதியாகப் பற்றும் காலணியை அணிக. அடிப்பகுதி தேய்ந்த காலணியைத் தவிர்க்க.
3. சிமெண்டுத் தரையைவிட, சமமான மண் திடலில் ஓடுதல் நன்று.
4. நுனிக்காலில் எழுந்து மெல்ல இறங்குதல், தரையில் விரித்த துண்டைக் கால்விரல்களால் சுருட்டி இழுத்தல் ஆகிய பயிற்சிகளை நாள்தோறும் செய்க.
5. ஓடும்போது வலித்தால் உடனே நிறுத்துக.

ஓய்வெடுத்தும் வலி தணியாவிடினும், ஒரு பாதம் மட்டும் தட்டையாக இருப்பினும், நுனிக்காலில் நின்றும் வளைவு தோன்றாவிடினும் மருத்துவரைக் காணுதல் வேண்டும். வலியை மறைத்து ஓடுவது வீரமன்று. உடல் கூறுவதைக் கேட்டு ஓடுபவரே நெடுந்தொலைவு செல்வர்.

சொற்பொருள்
சுவடு – அடித்தடம்
விசை – தள்ளும் ஆற்றல்
உந்துதல் – முன்னே தள்ளுதல்
தசைநாண் – தசையை எலும்புடன் இணைக்கும் நாண்

வினாக்கள்
1. பாத வளைவு ஓட்டத்திற்கு எவ்வாறு உதவுகிறது?
2. எவ்வெச் சூழல்களில் மருத்துவரைக் காண வேண்டும்?
3. தட்டைப் பாதம் உடைய தோழன் ஓடத் தயங்குகிறான். அவனுக்கு நீ கூறுவதை ஐந்து தொடர்களில் எழுதுக.