அறுபது டெல்லிக்கு ஒரு பஞ்சாயத்து

என் தங்கை மகன் சிவில் இன்ஜினீயர். மனைவியோடும் கைக்குழந்தையோடும் பிரிஸ்பேனில் குடியிருந்தவன், "மாமா, பெடூரியில் வேலை கிடைத்திருக்கிறது, முதலில் நான் மட்டும் போகிறேன்" என்று ஒரு நாள் போன் செய்தான். தங்கை கேட்ட முதல் கேள்வி, அங்கே ஆஸ்பத்திரி இருக்கிறதா என்பது. இரண்டாவது, நம்மவர்கள் யாராவது இருக்கிறார்களா என்பது. இரண்டாவது கேள்விக்கு அவன் சிரித்துவிட்டான். முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் தங்கையின் தூக்கத்தைக் கெடுத்தது. "அண்ணா, நீங்கள் ரிடையர் ஆனவர். ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றாள்.

நம் சங்கத்தில் பல குடும்பங்களில் இப்போது இந்தப் பேச்சு இருக்கிறது. 2019 நவம்பரில் ஆஸ்திரேலியா கொண்டுவந்த 491 விசாவில் போகிறவர்கள் 'ரீஜனல்' பகுதியில்தான் வசிக்க வேண்டும், வேலை பார்க்க வேண்டும். சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் ஆகிய மூன்று பெருநகர்களையும் நீக்கினால் மிச்சமெல்லாம் ரீஜனல்தான். பெர்த்தும் ரீஜனல், பெடூரியும் ரீஜனல். சட்டத்துக்கு இரண்டும் ஒன்று, மனிதனுக்கு அப்படியில்லை. ஆகவே பெடூரியைப் பற்றி நான் பார்த்ததையும் படித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

பெடூரி என்பது குயின்ஸ்லாந்து மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் உள்ள டயமன்டினா ஷயரின் தலைமையிடம். ஷயர் என்றால் நம் பஞ்சாயத்து யூனியன் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். பரப்பளவு சுமார் 95,000 சதுர கிலோமீட்டர். நம் டெல்லி 1,483 சதுர கிலோமீட்டர். அப்படியானால் அறுபது டெல்லிகளை உள்ளே வைத்து மூடிவிட்டு, இன்னும் இடம் மிச்சம் இருக்கும். ஜனத்தொகை முந்நூறுக்கும் குறைவு. எங்கள் ஹவுசிங் சொசைட்டியில் இரண்டு பிளாக்கில் அதைவிட அதிகம் பேர் இருக்கிறோம், தண்ணீர் டாங்க் விஷயத்தில் ஒற்றுமையும் இல்லை.

ஊர்கள் இரண்டு: பெடூரி, பேர்ட்ஸ்வில். இரண்டுக்கும் இடையே 190 கிலோமீட்டருக்குக் குறையாது. ஒவ்வொன்றிலும் நூறு சொச்சம் பேர். மூன்றாவதாக பெடூட்டா என்று வரைபடத்தில் ஒரு பெயர் இருக்கிறது. அங்கே ஒரே ஒரு ஹோட்டல்தான். அதுவும் 1997-ல் மூடப்பட்டு 2020-ல் மறுபடி திறந்தது. மற்றதெல்லாம் மாட்டுப் பண்ணைகள். 'ஸ்டேஷன்' என்கிறார்கள். ரயில்வே ஸ்டேஷனைத் தேடாதீர்கள்.

பெயர் வந்த கதை வேடிக்கையானது. குயின்ஸ்லாந்தின் முதல் கவர்னர் போவனின் மனைவி டயமன்டினா, கிரேக்கத் தீவு ஒன்றில் பிறந்தவர். 1866-ல் லாண்ட்ஸ்பரோ என்ற ஆய்வுப் பயணி அவர் பெயரை இங்குள்ள ஆற்றுக்கு வைத்தார். அந்த அம்மையார் பெயரைத் தாங்கிய ஆறு வருடத்தில் பாதி நாள் குட்டைகளாகக் கிடக்கும்.

ஆனால் அதற்கு முன்னால் இந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். வங்ககுர்ரு யார்லுயாண்டி, மிதாகா போன்ற பழங்குடி மக்கள். பெடூரிக்கு மேற்கே விளையும் 'பிட்சுரி' என்ற செடியின் இலையைப் பதப்படுத்தி, நம் ஊரில் வெற்றிலை, புகையிலை போடுவதுபோல் வாயில் அடக்கிக்கொள்வார்கள். அது நூற்றுக்கணக்கான மைல் கைமாறிப் போன வியாபாரச் சரக்கு. வெள்ளைக்காரர்கள் மாட்டுடன் வந்தபின் நிலம் கை மாறியது. அவர்களுடைய பூர்வீக உரிமையை ஆஸ்திரேலிய நீதிமன்றம் ஒப்புக்கொண்டது 2014, 2015-ஆம் ஆண்டுகளில்தான்.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1860-ல் பர்க், வில்ஸ் என்ற இருவர் தலைமையில் கண்டத்தைக் குறுக்கே கடக்கப் புறப்பட்ட குழு இந்தப் பகுதி வழியாகத்தான் போயிற்று. அவர்களுடைய ஒட்டகங்கள் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவின் கராச்சியிலிருந்து கப்பலேறியவை. பிறகு பலுசிஸ்தான், சிந்து, பஞ்சாப் பக்கத்து ஒட்டகக்காரர்கள் நிறையப் பேர் வந்தார்கள். எல்லோரையும் 'ஆப்கன்' என்று ஒரே பெயரில் அடக்கிவிட்டார்கள். பேர்ட்ஸ்வில்லிலிருந்து தெற்கே மரீ வரை போகும் 500 கிலோமீட்டர் தடத்தில் லாரிக்கு முன்பு சாமான் சுமந்தவை அந்த ஒட்டகங்கள்தான்.

இனி நிர்வாகத்துக்கு வருகிறேன். என்னைப் போல் அரசாங்க உத்தியோகம் பார்த்தவனுக்கு அதுதான் ருசி.

இந்தக் கவுன்சில் 1883-ல் 'டிவிஷன்' என்ற பெயரில் தொடங்கி, 1903-ல் ஷயர் ஆயிற்று. அலுவலகம் 1953-ல் பேர்ட்ஸ்வில்லிலிருந்து பெடூரிக்கு வந்தது. ஒரு மேயர், நான்கு கவுன்சிலர்கள். நான்கு ஆண்டுக்கு ஒரு தேர்தல்; ஓட்டுப் போடாவிட்டால் அபராதம். 2008-ல் மாநில அரசு சிறு கவுன்சில்களையெல்லாம் இணைத்து 150-க்கும் மேலிருந்த எண்ணிக்கையை 73 ஆகக் குறைத்தபோதும் இதைத் தொடவில்லை. யாரோடு இணைப்பது? பக்கத்துக் கவுன்சிலும் இதே மாதிரி பரந்த வெளிதான்.

முந்நூறு பேரிடம் என்ன வரி வசூலாகும்? நிலவரி இருக்கிறது, ஆனால் அது செலவில் ஒரு சிறு பங்கு. மீதியெல்லாம் மத்திய, மாநில அரசு மானியம். மானியத்தைத் தலைக்கணக்கில் மட்டும் பிரித்தால் இந்த ஊர்கள் என்றைக்கோ மண்ணில் புதைந்திருக்கும். அதனால் சாலையின் நீளம், ஊரின் தொலைவு, தேவை எல்லாவற்றையும் எடைபோட்டுப் பகிர்கிறார்கள். மாநில நெடுஞ்சாலைகளைப் பராமரிக்கும் வேலையையும் மாநில அரசு கவுன்சிலுக்கே ஒப்பந்தமாகக் கொடுக்கிறது. கவுன்சில்தான் இங்கே பெரிய முதலாளி. சாலை போடுவது, விமான ஓடுதளம், குடிநீர், நூலகம், குப்பை எல்லாம் அதன் பொறுப்பு. என் மருமகனுக்கு வேலை வந்ததும் இந்த மண்சாலைகளால்தான்.

ஒரு விஷயம் என்னை யோசிக்க வைத்தது. நம் நாட்டில் பஞ்சாயத்துகளுக்கு 73-ஆவது திருத்தத்தின் மூலம் அரசியல் சட்டத்திலேயே இடம் கொடுத்துவிட்டோம். 1993 முதல் அது நடப்பில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் உள்ளாட்சிக்கு தேசிய அரசியல் சட்டத்தில் இடமே கிடையாது. 1974-லும் 1988-லும் மக்களிடம் ஓட்டெடுப்பு நடத்தினார்கள், இரண்டு முறையும் தோற்றது. அங்கே சட்டத்தில் இடம் இல்லை, குழாயில் தண்ணீர் வருகிறது. நம் பக்கத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

அந்தத் தண்ணீரும் சாதாரணத் தண்ணீர் அல்ல. பேர்ட்ஸ்வில்லில் ஆயிரத்து இருநூறு மீட்டருக்கும் கீழேயிருந்து, பெரும் ஆர்ட்டீசியன் படுகையிலிருந்து, பம்ப் இல்லாமலே பீறிட்டு வருகிறது. சூடு 98 டிகிரி; காப்பி டிகாக்ஷன் போடலாம். அதை ஆறவைத்துத்தான் வீடுகளுக்கு விடுகிறார்கள். அந்தச் சூட்டிலேயே சிறிய மின்நிலையம் ஒன்றும் பல ஆண்டுகள் ஓடியது, 2018-ல் நிறுத்திவிட்டார்கள்.

மழை குறைவு. ஆனால் வெள்ளம் உண்டு. வடக்கே பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் பெய்த மழை, நூறு கிளைகளாகப் பிரிந்த வாய்க்கால்களில் மெல்ல ஊர்ந்து, வாரக்கணக்கில் கழித்து இங்கே வந்து சேரும். தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்க, காலடியில் ஆறு பெருகும். குடகில் மழை பெய்ய நாம் காவிரியில் பதினெட்டாம் பெருக்கு கொண்டாடுவதில்லையா, அப்படி. அந்த ஈரத்தில் முளைக்கும் புல்தான் மாடுகளுக்கு ஆதாரம். அளவு மீறினால் நாசம்: 2025-ல் தென்மேற்கு குயின்ஸ்லாந்தில் வந்த வெள்ளத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் மாண்டன அல்லது காணாமல் போயின.

வெயில் வேறு. பேர்ட்ஸ்வில்லில் 1972 டிசம்பரில் 49.5 டிகிரி பதிவாயிற்று. 1963 டிசம்பரில் அந்த மரீ தடத்தில் பெட்ரோல் தீர்ந்து, ஒரு குடும்பத்தில் ஐந்து பேர் தாகத்தால் இறந்தார்கள். வண்டி நின்றால் வண்டியை விட்டு நகராதே என்பது அங்கே பிள்ளைகளுக்கும் தெரியும் பாடம். என் மருமகன் வண்டியில் தண்ணீர் கேன்களும் சாட்டிலைட் போனும் இல்லாமல் ஊர் எல்லையைத் தாண்டுவதில்லை.

சரி, ஆஸ்பத்திரி? பெரிய ஆஸ்பத்திரி இல்லை. நர்ஸ்கள் நடத்தும் கிளினிக் உண்டு. டாக்டர் விமானத்தில் வருவார். 1928-ல் ஜான் ஃபிளின் என்ற பாதிரியார் குயின்ஸ்லாந்தின் குளோங்கரியில் தொடங்கிய பறக்கும் டாக்டர் சேவைதான் இன்றும் உயிர் காக்கிறது. தூரத்துப் பண்ணைகளில் எண் போட்ட மருந்துப் பெட்டி வைத்திருக்கிறார்கள். டாக்டர் போனில் "இத்தனாம் நம்பர் மருந்து, இத்தனை வேளை" என்பார். பிரசவமானால் சில வாரம் முன்பே பெரிய ஊருக்குப் போய்த் தங்கிவிட வேண்டும். இதை நான் தங்கையிடம் மறைக்கவில்லை.

நான் கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின இரவு மழை பெய்தது. டெல்லியில் குடைகூட எடுக்க மாட்டோம், அவ்வளவு மழைதான். காலையில் சாலைகளை மூடிவிட்டார்கள். மூடிய சாலையில் வண்டி ஓட்டினால் அபராதம். காய்கறி லாரி வரவில்லை. கிளைமண்ணில் செருப்பு ஒட்டிக்கொண்டு நடக்கவே முடியவில்லை. வாரத்தில் ஓரிரு நாள் பிரிஸ்பேனிலிருந்து ஊர் ஊராக இறங்கி ஏறி வரும் சின்ன விமானத்தை நம்பி இன்னும் மூன்று நாள் இருந்தேன். இரண்டாம் நாள் பக்கத்து வீட்டு அம்மாள் கதவைத் தட்டி, ஒரு டஜன் முட்டையும் அவரே சுட்ட ரொட்டியும் கொடுத்தார். சைவம் என்று தெரிந்ததும் முட்டையை எடுத்துப்போய், அரை மணியில் பூசணிக்காயுடன் வந்தார். அன்று பூசணிக்காய் சாம்பார்.

கோடை கழிந்து ஏப்ரலில் குழந்தையையும் மனைவியையும் அழைத்துக்கொள்வதாக மருமகன் முடிவு செய்திருக்கிறான். ஒரு வருடம் பார்த்துவிட்டு மேலே யோசிப்பானாம். தங்கைக்கு இன்னும் முழுச் சமாதானம் இல்லை. ஆனால் நேற்று போன் செய்து, மாவடு பாட்டிலை ஆஸ்திரேலியாவில் உள்ளே விடுவார்களா என்று விசாரித்தாள்.