எண்ணி வாங்குதல்: விளையாட்டு மடிக்கணினி

நுழையும்முன்

ஒரு கருவியின் சிறப்பே அதன் குறைக்கும் காரணமாக அமைவதுண்டு. மிகுந்த ஆற்றல் மிகுந்த வெப்பத்தையும் எடையையும் உடன் கொண்டுவருகிறது. சிறப்பு தமக்குப் பயன்படுமா, குறை தமக்குப் பொறுக்கத்தக்கதா என ஆராய்ந்து வாங்குவோரே பொருளின் முழுப் பயனையும் பெறுவர்.

தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. மேல்நிலை மாணவர் பலருக்கு அதுவே இல்லத்தின் முதல் கணினி. அதில் தெரிவுசெய்யும் பொறுப்பு மாணவருக்கு இருக்கவில்லை. உயர்கல்விக்குச் செல்லும்போது குடும்பமே பணம் செலுத்தி வாங்க நேர்கையில் எதை வாங்குவது என்னும் வினா எழுகிறது.

சென்னையின் மேற்குப் புறநகரில் இவ்வினா அடிக்கடி எழுவது இயல்பே. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சிறு தொழிற்கூடங்களில் எந்திர உறுப்புகள் கணினியில் வரையப்பட்ட பின்னரே கடைசலுக்குச் செல்கின்றன. ஆவடியில் 1961-இல் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலை உள்ளது. பூவிருந்தவல்லியை அடுத்த செம்பரம்பாக்கத்தில் படப்பிடிப்புத் தளங்கள் உள்ளன. இவ்வட்டாரத்தில் பொறியியல் கல்லூரிகளும் பல. ‘படிப்புக்கும் ஆகும், விளையாட்டுக்கும் ஆகும்’ என்னும் சொல்லை நம்பி, கேமிங் லேப்டாப் எனப்படும் விளையாட்டு மடிக்கணினியைத் தவணை முறையில் வாங்கும் குடும்பங்கள் உண்டு. மாத ஊதியத்தில் வாழும் இல்லத்திற்கு அத்தவணை சிறு சுமையன்று.

திருக்குறளின் தெரிந்துசெயல்வகை என்னும் அதிகாரம், ஒரு செயலால் அழிவது, ஆவது, பின்னர்க் கிடைக்கும் ஊதியம் ஆகிய மூன்றையும் எண்ணிப் பார்க்கச் சொல்கிறது. இக்காலப் பொருளை வாங்குவதற்கும் அவ்வளவுகோல் பொருந்தும்.

ஆவது

விளையாட்டு மடிக்கணினியின் உயிர்நாடி தனி வரைகலைச் செயலி ஆகும். முழு உயர் தெளிவுத் திரையில் 1920 × 1080 படப்புள்ளிகள், அதாவது 20 இலட்சத்திற்கும் மேற்பட்டவை உள்ளன. நொடிக்கு 60 முறை படம் மாறும்போது 12 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளின் நிறத்தைக் கணிக்க வேண்டும். பொதுச் செயலி சில வலிய கருக்களைக் கொண்டது. வரைகலைச் செயலியோ ஆயிரக்கணக்கான சிறு கருக்களை ஒரே நேரத்தில் இயக்கி இப்பணியை முடிக்கிறது. முப்பரிமாண வரைவு, காணொலித் தொகுப்பு, அசைவூட்டம், செயற்கை நுண்ணறிவுப் பயிற்சி ஆகியவற்றுக்கும் இதே ஆற்றல் கைகொடுக்கிறது.

திரையின் வேகமும் மற்றொரு சிறப்பாகும். நொடிக்கு 60 முறை மாறும் திரையில் ஒரு படம் ஏறத்தாழ 16.7 மில்லி நொடி நிற்கும். 144 முறை மாறும் திரையில் 6.9 மில்லி நொடியே நிற்கும். விரைந்த அசைவுகள் இதனால் தெளிவாகத் தெரிகின்றன.

தெரிந்து தெளிவோம்
வரைகலைச் செயலியின் பெயர் ஒன்றாயினும் ஆற்றல் ஒன்றாக இருப்பதில்லை. மடிக்கணினிகளுக்கான ஆர்.டி.எக்ஸ் 4060 செயலிக்கு 35 வாட் முதல் 115 வாட் வரை மின்திறன் ஒதுக்கப்படலாம். குறைந்த மின்திறன் பெறும் கணினி மெதுவாகவே இயங்கும். ஆகவே பெயரோடு வாட் அளவையும் கேட்டறிதல் வேண்டும்.

அழிவது

செயலி பெறும் மின்னாற்றல் முழுவதும் இறுதியில் வெப்பமாகவே மாறுகிறது. மெல்லிய உடலுக்குள் அடைபட்ட அவ்வெப்பத்தை விசிறிகள் வெளியேற்றுகின்றன. அவை உள்ளிழுக்கும் காற்றே கத்திரி வெயிலில் 40 பாகை செல்சியசை எட்டும்போது குளிர்விப்பு தளர்கிறது. உள்வெப்பம் வரம்பை நெருங்கினால், செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சாலைப் புழுதியும் மெத்தைமேல் வைத்து இயக்கும் பழக்கமும் காற்றுவழியை அடைத்து இந்நிலையை விரைவுபடுத்தும்.

எடையும் எண்ணத்தக்கது. பெரும்பாலானவை இரண்டு கிலோவுக்கு மேற்பட்டவை; மின்னேற்றியையும் சேர்த்தால் மூன்று கிலோவை நெருங்கும். ஆவடியிலிருந்து காலை நேர மின்தொடர்வண்டியில் நின்றபடி செல்லும் மாணவருக்கு இது நாள்தோறும் சுமக்கும் சுமையாகும். மின்கலமும் கடும்பணியில் நீண்ட நேரம் தாங்குவதில்லை. மின்தடையின்போது விளையாட்டின் வேகம் குறைவது பழுதன்று. மின்கலத்தால் முழு ஆற்றலை வழங்க இயலாமையே காரணம்.

மின்செலவைக் கணக்கிட்டும் பார்க்கலாம். 150 வாட் ஈர்க்கும் கணினியை நாளுக்கு 4 மணி நேரம் இயக்கினால் 60 நாளில் 36 அலகு மின்சாரம் செலவாகும். 30 வாட் ஈர்க்கும் எளிய மடிக்கணினிக்கு 7.2 அலகு போதும். இரு மாதங்களுக்கு 100 அலகு மின்சாரம் செலவிடும் வீட்டில், அதில் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேல் முன்னதற்கே சென்றுவிடும்.

ஊதியம்

கட்டுரை எழுதுதல், நிரலாக்கத்தின் தொடக்கப் பயிற்சி, இணையவழி வகுப்பு ஆகியவற்றுக்கு எளிய மடிக்கணினியே போதுமானது. எந்திர வடிவமைப்போ அசைவூட்டமோ பயில்வோருக்கு விளையாட்டு மடிக்கணினி நான்காண்டும் உழைக்கும் கருவியாகும். வீட்டிலேயே வைத்துப் பயன்படுத்துவோர் மேசைக்கணினியையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நன்று. அதே விலையில் கூடுதல் ஆற்றலும் எளிதில் பழுதுநீக்கும் வாய்ப்பும் அதில் கிடைக்கும்.

வாங்க முடிவுசெய்தோர் பின்னர் மாற்ற இயலாதவற்றை முதலில் நோக்க வேண்டும். வரைகலைச் செயலி பெரும்பாலும் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். குளிர்விப்பு அமைப்பும் திரையும் எளிதில் மாற்றத்தக்கவையல்ல. நினைவகத்தையும் சேமிப்பகத்தையும் பல வகைகளில் பின்னர்க் கூட்டிக்கொள்ளலாம். அதற்கான இடம் உண்டா என்பதைக் கேட்டறிதல் வேண்டும். பழுதுநீக்கு மையம் அருகில் உள்ளதா, உறுதிக்காலம் எத்தனை ஆண்டு என்பனவும் விலையின் பகுதிகளே.

அடுத்த நான்காண்டில் தம் கணினியில் செய்யவிருக்கும் பணிகளை மாணவர் முதலில் ஒரு தாளில் எழுதிப் பார்த்தல் வேண்டும். அத்தாளைக் கையில் கொண்டு கடைக்குச் செல்வோரிடம் விளம்பரம் எளிதில் வெல்வதில்லை. தேவையை அறிந்தபின் செலுத்தும் பணம் முதலீடாகும். அறியாமல் செலுத்தும் பணம் தவணை முடியும்வரை தொடரும் சுமையாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலுள்ள ஏதேனும் ஒரு மின்கருவி இரு மாதங்களில் செலவிடும் மின் அலகுகளைக் கணக்கிட்டு எழுதுக.
2. நீங்கள் வாங்க விரும்பும் பொருள் ஒன்றின் ஆவது, அழிவது, ஊதியம் ஆகியவற்றை அட்டவணைப்படுத்தி வகுப்பில் கலந்துரையாடுக.